கேற் அன்ரி

பன்னிரண்டு தாள்களைத் திருத்தி முடித்த பிறகுதான் சுபோதினியின் கண்ணில் அந்தப் பெருவிரல் பட்டது.

இரண்டாம் வகுப்புக்கு அன்று பாதுகாப்புப் பாடம். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் இடது கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கீறி, பயம் வந்தால் யாரிடம் ஓடுவோம் என்று விரலுக்கு ஒரு பெயர் எழுதியிருந்தார்கள். அம்மா, அப்பா, மாமி, வேன் அங்கிள் என்று மற்ற விரல்கள் வீட்டுக்கு வீடு மாறின. பெருவிரல் மட்டும் மாறவில்லை. எல்லாத் தாளிலும் கேற் அன்ரி. சொந்தப் பெயரையே பிழையாக எழுதுகிற பிள்ளைகள்கூட அதை மட்டும் அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். ஒரு விரலிலாவது ரீச்சர் என்று இல்லை. அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம்தான்.

அவளுக்குத் தெரிந்தவரை அந்தப் பள்ளிக்கூடத்துக் கேற்றில் அன்ரி என்று எவருமே இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் காவலாளி கிளறன்ஸ் ஒருவர்தான் அங்கே நிற்பவர்.

பள்ளிக்கூடம் விட்டு அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. வெள்ளவத்தைக் கடலிலிருந்து ஏறிய மழை வானத்தை மூடி, கரண்டையும் கொண்டுபோய்விட்டது. மரைன் டிரைவ் கடற்கரை வீதிப் பக்கத்து யன்னல்கள் உப்புக் காற்றில் கடகடவென்று ஆட, ஈரச் சப்பாத்தும் சோக்குத் தூளும் யாரோ தின்னாமல் விட்ட சம்பல் பாணும் சேர்ந்து வகுப்பறைக்குள் புளித்து மணத்தன. மிச்சம் இருந்தது பர்ஹா ஒருத்தி. அவளுடைய வாப்பா கொம்பனித்தெருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரவேண்டும், மழையென்றால் பிந்துவார். வரும்வரை அவளை வைத்திருந்து அவர் கையில் ஒப்படைப்பது சுபோதினியின் வேலை. பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாசிரியை என்ற பட்டத்தை மூன்று வருடத்துக்கு முன்பே அவள் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள்.

"பர்ஹாக்குட்டி, ஆர் இந்தக் கேற் அன்ரி?"

பர்ஹா பென்சில் பெட்டியை மூடினாள். "கேற்றுல நிக்கிற அன்ரிதான், ரீச்சர். மழைக்கும் நிப்பாங்க."

"உங்களோட கதைக்கிறவவோ?"

"ஓ. நேத்துச் சொன்னாங்க, நாளைக்கி ரீச்சர் கை கீறச் சொல்லுவாங்க, பெருவிரல்ல என்னைய எழுதுங்க எண்டு."

சுபோதினி சிவப்புப் பேனையை மேசையில் வைத்தாள். கை கீறும் யோசனை அவளுக்கு வந்ததே அன்று காலை பஸ்ஸில்தான். ஒருவருக்கும் அவள் அதைச் சொல்லவில்லை.

பயம் இப்போது வந்தது. அதிபர் மிஸிஸ் கொன்ஸ்ரன்ரைன் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருந்தார். போன் எடுத்து அந்த அன்ரியைப் பற்றிக் கேட்ட உடனேயே மனுசி சினந்து விழுந்தார்.

"உமக்கு எப்பவும் ஆரிலயாவது சந்தேகம்தான், சுபோதினி. போன வருஷம் வேன்காரனில பிழை பிடிச்சீர், பெற்றார் எல்லாம் என்னோட சண்டைக்கு வந்தவை. இப்ப அந்த அன்ரியோ? கேற் உதவிக்கு அவவைப் போட்டதே நீர்தானே. படிவம் என்ர பைலில கிடக்கு. உம்மட கையெழுத்து."

லைன் அறுந்தது. சுபோதினி இருட்டு வகுப்பறையில் போனைப் பிடித்தபடி நின்றாள். ஓம். அவள்தான். அந்த நிமிஷம்வரை அது அடியோடு மறந்துபோயிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன், ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு மனுசி வந்து நின்று, "என்ன பிள்ளை, என்னை மறந்திட்டீரோ?" என்று கேட்டது. கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் மீன் வாங்கப் போன இடத்திலும் இந்தக் கேள்வியோடு மறிக்கிற மனுசிமாருக்கு வெள்ளவத்தையில் பஞ்சமா? ஆரென்று தெரியவில்லை என்று சொல்லிப் பார்க்கட்டும், பெத்த தாயின் வளர்ப்புவரைக்கும் கதை போகும். எல்லோரும் செய்வதைத்தான் சுபோதினியும் செய்தாள். பல்லைக் காட்டிச் சிரித்து, "மறப்பனோ அன்ரி, இருங்கோ" என்றாள். கேற்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உதவிக்கு ஆள் தேடிய காலம் அது, அந்த மனுசியும் அதற்கென்றுதான் வந்திருந்தது. மறக்கவில்லை என்று சொன்ன பிறகு எந்த முகத்தோடு பெயர் கேட்பது? படிவத்தில் பெயருக்கு நேரே அன்ரி என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். உறவினர்தான், எங்கேயோ பார்த்த முகம்தான் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இப்போது அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. சேலை வந்தது. குடை வந்தது. சேலைத் தலைப்புக்கு மேலே ஒன்றுமே வரவில்லை.

"வாங்கோ, பர்ஹா." பிள்ளையின் கையைப் பிடித்தாள். கிளறன்ஸோடு கேற்றடியிலேயே நிற்போம், ஆம்பிளை ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். விறாந்தை முழுக்க மழைத் தண்ணீர். தங்கள் நான்கு கால்களின் சத்தத்தை அவள் கவனித்துக் கேட்டபடியே நடந்தாள். நான்குதான். திரும்பிப் பார்க்கவில்லை.

கேற்றடிக் காவல் கூட்டுக்குள் இருந்த கிளறன்ஸ் அவளைக் கண்டதும் சிகரெட்டை மறைத்தார்.

"கிளறன்ஸ் அண்ணை, இஞ்ச நிக்கிற அந்த அன்ரி ஆர்?"

"என்ன மிஸ், தெரியாத மாதிரிக் கேக்கிறீங்க?" கிளறன்ஸ் சிரித்தார். "காலையில உங்களுக்குப் பின்னாலதானே உள்ள வாறாங்க. உங்கட சொந்தம் எண்டுதான் நான் ஒருநாளும் மறிக்கல்ல."

"இண்டைக்கு வந்தவவோ?"

"வந்தாங்களே. மழைக்கு வேனெல்லாம் அங்கால முனையில நிண்டிட்டுது. உங்கட வகுப்புப் பிள்ளைகளை அன்ரிதான் வரிசையாக் கூட்டிட்டுப் போனாங்க. நல்ல மனுசி, மிஸ்."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவள் நினைத்திருந்த இருபத்தேழு பிள்ளைகள்.

"அன்ரி!" என்றாள் பர்ஹா.

வீதிக்கு அந்தப் பக்கம். கறுப்புக் குடை. குடைக்குக் கீழே சேலை. மழை குடைக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பெய்துகொண்டிருந்தது.

சுபோதினி பிள்ளையின் கையை இறுக்கினாள். இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கத்தினாள்.

"ஆர் நீங்கள்? உங்கட பேர் என்ன?"

குடை அசையவில்லை. ஒரு கை நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"ரீச்சர், நோகுது."

"விடமாட்டன், பர்ஹா. என்னோட நில்லுங்கோ."

"நோகுது!"

இன்னும் இறுக்கினாள். பிள்ளையின் முகம் மாறியது. அந்த முகத்தை அன்று காலை அவள் பார்த்திருந்தாள், இருபத்தெட்டு முகங்களிலும், ஒத்திகையின்போது. பெரிய ஆள் ஒருவர் நோக நோகப் பிடித்தால், தெரிந்தவரென்றாலும், கத்துங்கோ. உதறுங்கோ. ஓடுங்கோ. பெருவிரலில் எழுதின ஆளிட்ட முதலில் ஓடுங்கோ.

"வேணாம்!" பர்ஹா கத்தினாள். சொல்லிக்கொடுத்தபடியே. உதறினாள். சொல்லிக்கொடுத்தபடியே. ஓடினாள்.

சுபோதினி பின்னால் பாய்ந்தாள். கிளறன்ஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "மிஸ், பஸ்!"

பஸ் போனது. நீளமான பஸ். போய் முடியவே முடியாது போல.

வீதிக்கு அப்பால் ரயில் பாதை. பாதைக்கு அப்பால் பாறை. பாறைமேல் வெள்ளைச் சீருடைகள், கைகோத்த வரிசையாக. ஒருவரும் அழவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. பர்ஹா ஓடிப்போய்க் கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

சுபோதினியின் போன் அடித்தது. ஒரு தாயின் பெயர். அது ஓயுமுன் இன்னொரு தாய். இன்னொரு தாய்.

குடை வரிசையின் முன்னால் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. முதல் பிள்ளைக்குத் தண்ணீர் இடுப்பளவு வந்திருந்தது.