பீரங்கியில் வார்த்த மணி

உச்சிப்பொழுது மணி அடிப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் ஏதோ சீழ்க்கை அடித்தது. அடுப்பில் சோளக் களி கிண்டிக்கொண்டிருந்த ஓர்சுலாவின் கை நின்றது. மெல்லிய சத்தம்தான், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி, கல்லோட்டுக் கூரைகளுக்கு மேலாக நூல்போல இழுபட்டு வந்து, அவள் ஜன்னலுக்கு நேரே வந்ததும் அறுந்தது. அறுந்த இடத்தில் புது மணியின் முதல் அடி விழுந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். கோயில் முற்றத்தில் மதுக்கடைக்காரன் பியேரி குப்புறக் கிடந்தான். ஆலைக்காரனும் கிடந்தான். விறகு வண்டிக்கு அடியில் இரண்டு பேர். போர்முனைக்குப் போய்த் திரும்பி வந்த ஆண்கள் அத்தனை பேரும் மண்ணில் முகம் புதைத்துக் கிடக்க, பெண்களும் கிழவர்களும் மட்டும் நின்றபடி விழித்தார்கள்.

"என்ன பியேரி, கடைச் சரக்கு மண்ணுல கொட்டிருச்சா? நக்குறியே" என்றாள் பக்கத்து வீட்டு மரியூத்தா.

"கால் வழுக்கிருச்சு" என்று எழுந்து முழங்காலைத் தட்டினான் பியேரி.

காய்ந்த தரையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வழுக்கியது.

கொலாரீஸ் ஊர்க் கோயிலில் முன்பு இருந்த மணி ஓர்சுலாவின் பாட்டனுக்கும் பாட்டன் காலத்தது. விளிம்பைச் சுற்றித் திராட்சைக் கொடியும், தோளில் தேவதூதர்களும் வார்த்திருந்தார்கள். போரில் ஆஸ்திரியாக்காரன் மலை இறங்கி வந்த வருஷம் அதைக் கயிறு கட்டி இறக்கச் சோம்பல்பட்டு மேலேயிருந்து தள்ளிவிட்டான். முற்றத்து மண்ணில் தோள்வரை புதைந்து நின்றது மணி. சம்மட்டியால் உடைத்துப் பீரங்கி வார்க்க வண்டியில் ஏற்றிப்போனான். வண்டியில் கட்ட மணிக்கயிற்றையும் பாதி அறுத்துக்கொண்டான்.

போர் முடிந்தது என்றார்கள். யாருக்கு முடிந்தது என்று சொல்லவில்லை. தலைநகரத்திலிருந்து நீள அங்கி போட்ட அதிகாரி ஒருவர் வந்து, "உங்கள் மணியை அவன் பீரங்கி ஆக்கினான், இதோ அவன் பீரங்கிகள், நீங்கள் மணி ஆக்கிக்கொள்ளுங்கள்" என்று பேசினார். ஊர் கைதட்டியது. அந்தப் பீரங்கி யார் பிள்ளைகளைப் பார்த்துச் சுட்டது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கிடைப்பதும் போய்விடும்.

பிள்ளைக்குப் போலவே மணிக்கும் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். புது மணிக்கு ஓர்சுலாவை ஞானத்தாய் ஆக்கினார்கள். அவள் மூத்த மகன் மார்த்தினைப் போர் தின்றிருந்தது; அவன் பெயரையே மணிக்கு வைப்பதென்று முடிவு. வார்ப்பன்று மணியின் குரல் இனிக்க வேண்டுமென்று பெண்கள் ஒவ்வொருவராக உருகிய வெண்கலத்தில் மோதிரம், வெள்ளிப் பொத்தான் என்று போட்டார்கள். ஓர்சுலாவின் கல்யாண மோதிரம் பஞ்ச வருஷத்தில் மாவு வாங்கப் போய்விட்டது. ஞானத்தாய் வெறுங்கையோடு நிற்பதா? மார்புத் துணிக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. மார்த்தினின் நெஞ்சிலிருந்து எடுத்த பீரங்கிக் குண்டுச் சில்லு. ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீகள் அவன் சிலுவையோடு சேர்த்து அனுப்பியது. நகத்தளவு இரும்பு. அதில் பழுப்பாக எதுவோ காய்ந்திருந்தது. அதை எடுத்துப் போட்டாள்.

"இரும்பு ஆகாதும்மா" என்று வார்ப்புக்காரர் கை நீட்டுவதற்குள் வெண்கலம் அதை விழுங்கிவிட்டது.

மணி விரிசல் இல்லாமல் வந்தது. ஞானஸ்நானத்தின்போது அவள் அதன்மேல் கை வைத்தாள். மார்கழிக் குளிரில் கோயில் சுவரே வியர்த்துக்கொண்டிருக்க, வெண்கலம் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றிபோல வெதுவெதுவென்று இருந்தது.

இளைய மகன் மிஞ்சியிருந்தான், யாக்கும் என்று பெயர். இடது கையில் இரண்டு விரல் இல்லாமல், வலது கை நடுக்கத்தோடு வந்தவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. பங்குச் சாமியார் எர்மேசுதான் மணி அடிக்கும் வேலையையும், மணிக்கூண்டை ஒட்டி இப்போது அவர்கள் இருக்கும் ஒற்றை அறை வீட்டையும் கொடுத்தார். அறுந்த கயிறு கீழ்வரை எட்டாது. மணிக்கு நேர் அடியில் இருக்கும் பலகைத் தட்டுக்கு ஏறி நின்றுதான் இழுக்க வேண்டும்.

கோடை வரும்வரை அவன் அந்தச் சீழ்க்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருநாள் களித் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உனக்கும் கேக்குதாம்மா?"

"காத்துடா."

"காத்து நாளுக்கு நாள் குட்டையாவா ஆகும்?"

அவளும் கவனித்திருந்தாள். முதலில் மலையிலிருந்து வந்த சீழ்க்கை இப்போது ஊரை ஒட்டிய ஆற்றோரத்திலிருந்துதான் கிளம்பியது.

"சண்டையில ஒரு கணக்கு உண்டும்மா. குண்டு நீளமா சீழ்க்கை அடிச்சா தூரத்துல நிக்கிறவனுக்கு. குட்டையா அடிச்சா பக்கத்துல நிக்கிறவனுக்கு. அடிக்கவே இல்லைன்னா உனக்கு."

"சும்மா தின்னுடா."

"அது என்னைத்தான் தேடுது. மார்த்தின்கிட்ட வழி கேட்டுக்கிட்டு வருது."

மறுநாளே அவள் சாமியார் வீட்டுக்குப் போனாள். அங்கே அசல் காப்பி மணத்தது. ஊருக்கு வறுத்த பார்லித் தண்ணீர்தான்.

"வேற ஆளை மணி அடிக்கப் போடுங்க சாமி. அந்த இரும்புக்கு எங்க வீட்டு ருசி தெரியும்."

"நீ ஞானத்தாய் ஓர்சுலா. இப்படி மூடநம்பிக்கை பேசலாமா?"

"அவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சம்."

"வேற ஆளுன்னா வீடும் வேற ஆளுக்குத்தான் போகும். யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். மலையில் பனிக்காலத்தைக் கூரை இல்லாமல் யாரும் தாண்டியதில்லை.

சோளம் கதிர் முற்றிய நேரம், பிற்பகலில், மேற்கே மேகம் திரண்டது. கறுப்பு இல்லை. அடிபட்டு நாளான கன்னத்துப் பச்சை. ஈக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டன, கழுதைகள் கத்தவில்லை, காற்றில் உரசிய தீக்கல்லின் வாடை வந்தது. ஆலங்கட்டி மேகம். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்து ஊரில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மணிச் சத்தம் ஆலங்கட்டியை விரட்டும் என்பது அந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். விரட்டிய மேகம் எங்கே போகும் என்பதும் தெரியும்.

"அவனுங்க நம்ம தலையில தள்ளப் பாக்குறானுங்க. யாக்கும் எங்க?" என்று பியேரி கத்திக்கொண்டு வந்தான். பின்னால் ஊரே வந்தது. சாமியாரும் வந்தார், கையில் தீர்த்தத்தோடு. மூடநம்பிக்கை பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

ஓர்சுலா கதவுக்கு உள்ளே குறுக்குக் கட்டையைப் போட்டாள்.

"கதவைத் தொறக்கா" என்றாள் வெளியே மரியூத்தா. "சோளம் போச்சுன்னா பனிக்காலத்துல உன் மகனையா திம்போம்?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல."

"யாருக்குத்தான் சரியா இருக்கு?" என்றான் பியேரி. "நான் மேல போனா கை வெலவெலத்துருதுக்கா. அவன் பழகுனவன். அனுப்பு."

யாக்கும் கட்டிலிலிருந்து எழுந்தான். அவள் கையை மெதுவாக விலக்கிக் கட்டையை எடுத்தான்.

"போயிட்டு வந்துடறேம்மா."

அவன் காலடி மரப்படிகளில் ஏறுவதை அவள் சுவர் வழியாகக் கேட்டாள். பிறகு கயிற்றின் முனகல். பிறகு சீழ்க்கை. ஆற்றோரத்திலிருந்து இல்லை. கூரைக்கு மேலேயிருந்து. மணியடி விழுந்தது. முற்றத்து ஆண்கள் குனிந்தார்கள். அடுத்த சீழ்க்கை ஒரு விரல் நீளம். மணி. அடுத்தது எறும்பளவு. மணி.

அடுத்தது இல்லை.

மணியடி மட்டும் விழுந்தது.

ஓர்சுலா முற்றத்துக்கு ஓடினாள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் நடுவில் கிழிந்து பள்ளத்தைத் தாண்டிப் போயிற்று. எதிர் ஊர்மேல் வெள்ளையாகக் கொட்டியது. இங்கே ஒரு கட்டிகூட விழவில்லை. மரியூத்தா அழுதாள். பியேரி சிரித்தான். "நம்ம பீரங்கிடா" என்றான்.

மணி நிற்கவில்லை.

ஆனால் சத்தம் மாறியிருந்தது. கணகணப்பு இல்லை. அமுங்கிய அடி. ஈரமான அடி. அந்த ஊரில் சாவுக்கு அடிக்கும்போது மட்டும் மணிக்குள் தொங்கும் இரும்பு நாக்கில் ஆட்டுத்தோல் சுற்றுவார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

"யாரு போனது?" என்று மரியூத்தா கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை.

ஓர்சுலா கூண்டுக்குள் நுழைந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஆட்டுத்தோல் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி கலையாமல்.

ஏறினாள். படி முனகியது. மேலே அந்த அமுங்கிய அடி. சூட்டு வாடை. கொல்லன் பட்டறை வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை.

"யாக்கும்."

பலகைத் தட்டு. ஆள் இல்லை. கயிற்றின் நுனி தானாக ஏறியது. இறங்கியது. பலகையில் கனமாக ஏதோ கிடந்தது. மணியின் நாக்கு. இரும்பு நாக்கு, கொக்கியோடு கழன்று விழுந்து கிடந்தது.

அப்படியானால் உள்ளே எது அடிக்கிறது?

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

மணி ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் இருட்டுக்குள்ளிருந்து, நாக்கு தொங்க வேண்டிய இடத்திலிருந்து, யாக்குமின் இரண்டு செருப்புக் கால்கள் வெளியே வீசின. மறுபக்கம் சாய்ந்தது. கால்கள் உள்ளே போயின. அடி விழுந்தது.

"யாக்கும், யாருக்குடா அடிக்கிறே?" என்று கீழேயிருந்து சாமியார் குரல் கொடுத்தார்.

ஓர்சுலா கயிற்றைப் பிடித்தாள். நிறுத்த வேண்டும். உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டுத் தொங்கினாள். கயிறு அவள் பாரத்துக்குக் கட்டுப்பட்டு இறங்கியது. மணி சாய்ந்தது. அவள் கை இழுத்த இழுப்புக்கு அடி விழுந்தது. விட்டால் அதுவாக அடித்தது. பிடித்தால் அவளே அடித்தாள்.

கீழே முற்றத்தில் ஊர் முழங்காலிட்டு, இறந்தவருக்கான செபத்தைத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆமென்.