வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

கொண்டுவந்த முதல் நாள் கினிப்பன்றிக் குட்டி ஒளியவே இல்லை. அதுதான் ரெகுலாவுக்கு உறுத்தியது. புது வீட்டுக்கு வந்த குட்டி இரண்டு மூன்று நாளாவது முடங்கிக் கிடக்கும், கையை நீட்டினால் வைக்கோலுக்குள் பாயும் என்று திருமதி நெஃப் படித்துப் படித்துச் சொல்லித்தான் அதைக் கொடுத்திருந்தார். இதுவோ அட்டைப்பெட்டியை விட்டு இறங்கியதும் கூண்டின் மூலையில் இருந்த மரவீட்டு வாசலுக்கு நேராகப் போய், மூக்கை நீட்டி, மெல்லக் கீச்சிட்டது. நிறுத்திவிட்டு, யாரோ சொல்லும் பதிலைக் கேட்பது போல் அசையாமல் நின்றது. பிறகு மறுபடி கீச்சிட்டது.

மரவீடு காலி. அன்று காலைதான் கடையில் வாங்கி வந்திருந்தாள்.

ஒற்றைக் கினிப்பன்றியை வளர்க்க சுவிஸ் சட்டம் விடாது. துணையில்லாமல் ஏங்கிப்போகும் என்பார்கள். திருமதி நெஃப் சட்டத்தைவிட ஒரு முழம் கூடுதல் கறார். "தனிக்குட்டி தரமாட்டேன். வீட்ல துணை இருக்கா?" என்று கேட்டார். ரெகுலா வாய் கூசாமல், "இருக்குங்க. பெருசு ஒண்ணு. அதோட ஜோடி போன மாசம் செத்துப்போச்சு" என்று அளந்துவிட்டாள். தூன் நகரத்து அந்த இரண்டு அறை வீட்டில் ஒன்றுக்கே இடம் இழுபறி. அதோடு, பக்கத்தில் மகள் லடீனா நின்றிருந்தாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்த ஏழு வயதுப் பிள்ளை சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைக்காகச் சொல்லும் பொய் எந்தத் தாய்க்கு உறுத்தும்?

பொய் பலித்தது. பள்ளி விட்டு வந்ததும் லடீனா கூண்டருகே குப்புறப் படுத்து, உள்ளங்கையில் சோயிக்கீரை வைத்து, மணிக்கணக்காக அசையாமல் காத்திருந்தாள். குட்டிக்கு நூஸ்லி என்று பெயர் வைத்தாள். நான்காம் நாள் நூஸ்லி கையிலிருந்து தின்றது. ஐந்தாம் நாள் மடியில் தூங்கியது. காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது பிள்ளை தானாகவே வாய் ஓயாமல் பேச, ரெகுலா குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

ஆனால் வைக்கோலில் இரண்டு குழிகள் இருந்தன. ஒன்று நூஸ்லி படுத்தது. மற்றது தலையணை அகலம். தொட்டால் சூடு. ஈர ரோமமும் பழைய நிலவறையும் கலந்த ஒரு வாடை, ஜன்னலைத் திறந்து ஏரிக்காற்றை விட்டாலும் போகவில்லை. முதலில் அவள் சந்தேகம் கணவன் மேல் போனது. அவனிடம் இன்னும் ஒரு சாவி இருந்தது. பூட்டை மாற்றினாள். மறுநாளும் குழி சூடாகவே இருந்தது.

பிறகு மகளைச் சந்தேகப்பட்டாள். "வெள்ளரிக்கா ஏன் ரெண்டு துண்டு வைக்கிற?"

"ஒண்ணு நூஸ்லிக்கு. ஒண்ணு பெருசுக்கு."

"எந்தப் பெருசு?"

லடீனா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீதானே அந்தம்மாகிட்ட சொன்ன. அது இன்னும் கைக்கு வரலம்மா. பயப்படுது. நீ சத்தம் போடாம இரு."

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் குட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பிள்ளையின் வாய் மறுபடி மூடிக்கொள்ளும்.

குட்டி கொடுத்த வீட்டை இரண்டு வாரத்தில் வந்து பார்ப்பது திருமதி நெஃபின் வழக்கம். மூடுபனி இறங்கி, மாலை நாலு மணிக்கே தெருவிளக்கு எரிந்த நாளில் வந்தார். பெரியது செத்துவிட்டது என்று சொல்ல ரெகுலா தயாராக நின்றாள்.

அவர் மண்டியிட்டுக் கூண்டுக்குள் பார்த்தார். "பரவாயில்லையே. ரெண்டும் நல்லா ஒட்டிக்கிச்சு."

ரெகுலா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது நூஸ்லி மட்டும்தான் தெரிந்தது.

"பெருசுக்கு நகமே வெட்டுறதில்லையா நீங்க?" என்றபடி இரண்டு கைகளையும் மரவீட்டுக்குள் விட்டார். முழங்கை வரை. தூக்கினார். கைகளில் ஒன்றுமில்லை. ஆனால் பாரத்தில் அவர் தோள்கள் நடுங்கின. தூக்கினார். இன்னும் தூக்கினார். முகம் வெளுத்தது.

"இதை எங்க வாங்கினீங்க?"



"எங்கிட்ட குடுங்க" என்று கூண்டருகே உட்கார்ந்திருந்த லடீனா கை நீட்டினாள். தாங்க முடியாமல் அவர் அவள் மடியில் சரியவிட்டார். பின்னோக்கியே நகர்ந்தார். வாசல்வரை. "கத்தாதீங்க," என்றார் ரெகுலாவிடம், மூச்சுக்குள். "மேலேருந்து கை கொண்டுபோகாதீங்க. மிரண்டுடும்." படியில் அவர் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

லடீனாவின் பாவாடை முழங்கால்களுக்கு நடுவே அமிழ்ந்தது. தொடைகள் அமுங்கி வெளுத்தன. அவள் உள்ளங்கை தன் மோவாய்க்குக் கீழே தொடங்கி, காற்றைத் தடவிக்கொண்டே போனது. மடியைத் தாண்டி. முழங்காலைத் தாண்டி. தரைவரை. அங்கேயும் அந்த உடல் முடியவில்லை.

"பாத்தியாம்மா. பழகிடுச்சு."

அவள் பின்னலின் நுனி தானாக மேலெழுந்தது. மெல்லும் சத்தம். பின்னல் குறைந்தது. ஒரு விரல் நீளம். இன்னொரு விரல். நிதானமாக. காதை நோக்கி.

லடீனா சிரித்துக்கொண்டிருந்தாள்.