சின்னவளின் கருப்பு உடை

பவுடர் நனைந்திருந்தது.

கருப்பு உறையை விலக்கி, உடையின் முதுகு ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, உள்ளே கைவிட்டு வெளியே எடுத்தபோது பெரியவளின் விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. போன வாரம் அவளே தூவி, அவளே உதறி, அவளே மூடிவைத்த பவுடர்தான். தொட்டால் வழுக்கிக்கொண்டு போக வேண்டியது, அக்குளிலும் அடிவயிற்றிலும் பிசைந்த மாவாகக் கட்டிதட்டிப்போயிருந்தது. யாரோ ஒரு முழு ஆட்டம் ஆடி வியர்த்துவிட்டு அப்படியே கழற்றி மாட்டியதுபோல.

ஈரக்கசிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்துதான் இருந்தது.

நாடகக் கம்பெனியின் உடை அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லாத அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவளே அவள்தான். ரப்பர் உடைக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் வெளிறும், பிறகு வெடிக்கும். பித்தளைச் சாவி ஒன்று உரசினால் போதும், அந்த இடத்தில் பழுப்புக் கறை ஏறிவிடும், ஆயுசுக்கும் போகாது. மடித்து வைத்தால் மடித்த இடம் அப்படியே நின்றுவிடும். வெள்ளையையும் கருப்பையும் ஒட்டி மாட்டினால் கருப்பு தன் சாயத்தை வெள்ளைக்குக் கொடுத்துவிடும். போட்டுக் கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு அலசி, நிழலில் காயவிட்டு, உள்புறத்தை வெளியே திருப்பி அதையும் காயவிட்டு, பவுடர் பூசி, அகலமான பிளாஸ்டிக் ஹேங்கரில் தொங்கவிட்டு உறை போட வேண்டும். புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது என்று நடிகர்கள் கேலி செய்வார்கள்.

அக்காவும் தங்கையும் ஒரே கம்பெனியில் இருந்ததால் இவளைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டார்கள். சின்னவள் மேலே மேடையில் ஆடினாள். பெரியவள் கீழே அவள் வியர்வையை அலசினாள். கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடையாக, கையுறையும் சேர்த்து ஒட்டிய அந்தக் கருப்பு லேடெக்ஸ் ரப்பரில் சின்னவள் விளக்கு வெளிச்சத்தில் வந்து நின்றால், தண்ணீரிலிருந்து ஏதோ எழுந்து வந்ததுபோல அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், ஒத்திகை முடிந்து எதிர்ப்பக்கக் கடைக்குப் போனவளை ஒரு லாரி அடித்துவிட்டது. சேதி வந்தபோது பெரியவளின் கைகள் முழங்கைவரை தொட்டித் தண்ணீரில் இருந்தன. அதே உடையைத்தான் அலசிக்கொண்டிருந்தாள். சொல்ல வந்த விளக்குக்காரர் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். பெரியவள் தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை அலசினாள். உதறினாள். தொங்கவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு போட்டோமா என்பது தெரிவதில்லை. எதிரே யாராவது பேசினால், பக்கத்து வீட்டு ரேடியோ ஓடுவதுபோல அது பாட்டுக்கு ஓடியது.

"ஒரு தடவை வாய்விட்டு அழுதுடேன். பாரம் குறையும்" என்றார் கணவர், தட்டை நகர்த்தியபடி.

"வரலைங்க."

"வராம எப்படிப் போகும்? கூடப்பிறந்தவ இல்லையா?"

"ஆமாங்க" என்றாள்.

நனைந்த உடையை அலசிக் காயவைத்து மறுபடியும் பவுடர் போட்டு மாட்டினாள். அடுத்த தடவை பார்த்தபோது மறுபடியும் நனைந்திருந்தது. சின்னவளுக்குப் பதிலாக வந்திருந்த புது ஆட்டக்காரியிடம் கேட்டாள். உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவளை நெட்டை என்றார்கள், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா, சின்னவ டிரஸ்ஸைப் போட்டுப் பாத்தியா?"

"ஐயோ பெரியக்கா, அது எனக்கு முட்டியைத் தாண்டுமா? போட்டா சாயங்காலம் என்னைக் கத்தரி வெச்சுதான் வெளியே எடுக்கணும்." சிரித்துவிட்டு, பெரியவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "நான் தொடக்கூட இல்லக்கா. சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

சாவி அவளிடம்தான் இருந்தது.

அதன் பிறகு காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்த உறையைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ஜிப்பை இறக்கியதும் ரப்பர் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல மேலேறி வந்தது. பொடுகு ஷாம்பூவும், புளித்த வியர்வையும், சின்னவள் எப்போதும் வாயில் அடக்கிக்கொண்டிருக்கும் ஏலக்காயும் கலந்த வாசனை. பல தடவை சோப்புத் தண்ணீரில் முங்கி எழுந்த உடையில் அது இருக்க வழியே இல்லை. பெரியவள் உடையின் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கன்னத்தில் மட்டும் வெதுவெதுவென்று ஏதோ பட்டது. மூச்சுக்காற்று என்று சொல்லலாம். அவளுடைய மூச்சாகவே இருக்கலாம்.

அவள் அப்போது மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள்.

மேசையில் உட்கார்ந்து கிழிசல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சத்தம் வரத் தொடங்கியது. பெரிய சத்தமில்லை. ரப்பரும் ரப்பரும் உரசுகிற கிறீச். தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல ஒன்று, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று. திரும்பினால் வரிசையாகக் கருப்பு உறைகள் மட்டும். ஒன்றே ஒன்று மட்டும் லேசாக ஆடி அடங்கிக்கொண்டிருக்கும். அந்த உறைக்குள் ஹேங்கரின் தோள் வளைந்து போயிருப்பதைப் பார்த்து வேறொன்றில் மாற்றினாள். தூக்கும்போது கை தாழ்ந்தது. ஒரு கையால் எடுத்து மாட்டுகிற உடையை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. உடம்புக்கு வந்தது. பிடரி மயிர் தானாகக் குத்திட்டு நின்றது. வேறு யாருக்கோ ஆவதுபோல அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

உடையின் முன்பக்கம் உப்பியிருந்தது.

அவளுக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இதே அறையில், இதே உடைக்குள் பாதி நுழைந்து சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஜிப் ஏறமாட்டேங்குது."

"கண்டதையும் தின்னா எப்படி ஏறும்?"

"தின்னதால இல்லக்கா."

பெரியவளின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது. சின்னவள் திரும்பாமலேயே பேசினாள். "யாருன்னு கேக்காதே. ஆட்டம் முடியட்டும், அப்புறம் எல்லாம் சொல்றேன். அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே. மாமாகிட்டகூட."

பெரியவள் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோதும் தெரியாததுபோலத் தலையை ஆட்டினாள்.

உடையைப் பிரித்து நெட்டைக்கு ஏற்றபடி நீட்டித் தரச் சொல்லி மேனேஜர் ஒட்டுக்கார அம்மாவை வரவழைத்தார். லேடெக்ஸைத் தைக்க முடியாது, ஊசி போட்ட ஓட்டையிலேயே கிழிந்து வரும், பசை வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அந்த அம்மா ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் ஒட்டிக் கொடுப்பவர். இந்த உடையை வெட்டியதும் அவர்தான். கலகலவென்று பேசிக்கொண்டே வந்தவர், உறையை நீக்கியதும் பேச்சை நிறுத்தினார்.

"இதை யார் போட்டுக்கிட்டுத் திரியறது?"

"யாரும் இல்லைம்மா. மாட்டினது மாட்டினபடி இருக்கு."

"என்கிட்டயே கதை விடறியா? சும்மா தொங்கினா ரப்பர் கீழ் பக்கம்தான் இழுக்கும். இது முன்பக்கமா தள்ளியிருக்கு பாரு. உள்ளேயிருந்து ஆள் தள்ளினாதான் இப்படி ஆகும்."

இருவருமாகத் தூக்கி மேசையில் கிடத்தினார்கள். ஒட்டுக்கார அம்மா இடுப்பில் டேப்பைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். மறுபடி சுற்றினார். "நான் வெட்டின இடுப்பு இது இல்ல. நிறைமாசக்காரி போட்ட மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே, வெட்டுக்கத்தியை எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, சுருக்கம் நீவுவதற்காக இன்னொரு உள்ளங்கையை அந்த உப்பலின்மேல் வைத்தார்.

கை அங்கேயே நின்றது.

உள்ளங்கைக்குக் கீழே ரப்பர் மெல்ல எழுந்தது. ஓரிடத்தில் சின்னதாக ஒரு முட்டு. நகர்ந்தது. அடங்கியது.

ஒட்டுக்கார அம்மா கையை எடுத்தார். உடையைப் பார்க்கவில்லை, பெரியவளைத்தான் பார்த்தார். கத்தியைத் துணியில் சுற்றினார், பசை டப்பாவை மூடினார், பையைத் தோளில் மாட்டினார். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தார்.

"எனக்கு வேற வேலை இருக்கும்மா" என்றார். கதவுவரை போய்த் திரும்பினார். "அந்தப் பொண்ணு போகும்போது தனியாவா போச்சு?"

அவர் படியேறிப் போகும் சத்தம் வேகவேகமாகத் தேய்ந்தது.

மதியம் மேனேஜர் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான். "விடுங்க பெரியக்கா, புதுசா ஒண்ணு செய்ய வெச்சுக்கலாம். பழைய சாமான் ஏத்த வண்டி இப்ப வருது. அதையும் போட்டு அனுப்பிடுங்க. தினமும் அதைப் பாத்துக்கிட்டே இருந்தா உங்களுக்கும் நல்லதில்ல."

"சரிங்க."

அவர் போனதும் உடையை மீண்டும் கம்பியில் மாட்டினாள், மூட்டைக்கான பெரிய பையை எடுப்பதற்காகத் திரும்பினாள். தலைக்கு மேலே மேடையில் ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. பலகைக்கு அந்தப்பக்கம் கால்கள் தொம் தொம்மென்று ஒரே தாளத்தில் விழுந்தன, கூரையிலிருந்து தூசி மெல்லிய கோடாக இறங்கி விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது, எங்கேயோ குழாய்க்குள் தண்ணீர் முனகிக்கொண்டே ஓடியது, அந்தச் சத்தங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் பெரியவளுக்கு ரப்பர் நீண்டு இழுபடும் சத்தம் தனியாகக் கேட்டது. கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச். முன்னைவிடச் சின்ன இடைவெளி.

திரும்பிப் பார்த்தாள்.

இருபுறமும் தட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்த கைகள் இப்போது தட்டையாக இல்லை. கையுறை விரல்கள் ஒவ்வொன்றாகப் புடைத்திருந்தன. அவை முன்னே வந்து, அடிவயிற்றின் கீழே கோத்துக்கொண்டு, பாரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தன.

கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. ஹேங்கரின் கொக்கி மட்டும்.

"சின்னவளே" என்றாள். குரல் தட்டையாக இருந்தது. "வலிக்குதாடி?"

தரையில் சொட்டியது. ஒரு சொட்டு. பிறகு மொத்தமாக. கால்வழியே இறங்கி, கணுக்கால் விளிம்பிலிருந்து வழிந்து, வெதுவெதுப்பாக அவள் செருப்புவரை வந்தது. பவுடர் கலந்து வெள்ளையாக.

மேலே தொம் தொம்.

கதவு தட்டப்பட்டது. "அக்கா, வண்டி வந்தாச்சு. என்னென்ன எடுக்கணும்?"

பெரியவள் கதவருகே போனாள். திறந்து வெளியே ஓடிவிடலாம். படியேறினால் வெளிச்சம், மனிதர்கள், தெரு.

தாழ்ப்பாளை உள்ளே போட்டாள்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள் கதவைப் பார்த்து. "நீ கிளம்பு."

முதுகுக்குப் பின்னால் ஜிப் இறங்கியது. பல் பல்லாக. நிதானமாக. யாரும் தொடாமல்.

திரும்பிப் போய், திறந்த ஜிப்புக்குக் கீழே மண்டியிட்டாள். கைகளை ஏந்தினாள். ஏன் ஏந்துகிறோம் என்று தெரியவில்லை. ஏந்தினாள்.

வழுக்கிக்கொண்டு விழுந்தது.

கனம். சூடு.

மேலே உடை சுருங்கி, காற்றுப்போய், வெறும் ரப்பராகத் தொங்கியது. கைகள் தட்டையாயின. எல்லாம் அடங்கியது.

மடியில் கிடந்ததைப் பார்த்தாள். கருப்பு. பளபளப்பு. கையும் காலும் விரலும் நகமும் எல்லாம் இருந்தன, எல்லாவற்றின்மேலும் ஒரே தோல். தேடித் தேடிப் பார்த்தாள். ஓரம் இல்லை. ஒட்டு இல்லை. திறப்பு இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மெல்லிய கருப்பு உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. குழிந்தது. உப்பியது. சத்தமே இல்லாமல்.

பிறகு அது முகத்தைத் திருப்பியது. அவள் மார்பை நோக்கி.