கேடயக்காரர் செய்த வில்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை. மேஜையில் தலையைச் சாய்த்து இப்போதுதான் கண்ணை மூடியிருந்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. உடம்பில் எந்த எலும்பு வலிக்கவில்லை என்று கேட்டால் சொல்வது சுலபம்... அந்த அளவுக்கு அலுப்பு!

மறுபடி அடித்தது.

எடுத்தாள்.

"மேடம்..." ஏட்டுவின் குரல். "கண்ணாடிக் கடைக்காரர் கேஸ்... எதிர்வீட்டு கேமராவுல ஒரு ஆள் சிக்கிட்டான்!"

"யாரு?"

பதில் இல்லை.

"ஏட்டு! போன்ல உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். சொல்றதுக்குத்தான் வாய் வரலை... அது உங்க வீட்டுக்காரர்!"

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. அலுப்பு மட்டும் போகவில்லை.

செத்துப்போனவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். நேற்று கடைக்கு விடுமுறை. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் சுழல் நாற்காலியில் கிடந்தார். தலையில் ஹெட்போன். காபியில் தூக்க மாத்திரை... அப்புறம் முகத்தில் தலையணை! பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, சாயங்காலம் வீடு திரும்பி, அறைக் கதவைத் திறந்து, போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

அறையில் ஏ.சி. முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் உயிர் போன நேரத்தை டாக்டரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையாகவும் இருக்கலாம், மதியமாகவும் இருக்கலாம் என்று கையை விரித்துவிட்டார்.

மதியத்துக்கு மேல்தான் எதிர்வீட்டு கேமரா ஒரு ஆளைப் படம் பிடித்திருந்தது. கதவை உடைப்பதுபோல் தட்டுகிறான். கையை ஓங்குகிறான். கத்துகிறான். ஒரு லாரி வந்து வாசலை மறைத்து நிற்கிறது. அது நகர்ந்ததும் அவன் போகிறான்.

அந்த ஆளுக்குத்தான் இன்ஸ்பெக்டர் கழுத்தை நீட்டியிருந்தாள்!

மேலதிகாரி சுருக்கமாகப் பேசினார்.

"சொந்தப் புருஷனை நீ விசாரிக்க முடியாதும்மா. சாயங்காலம் வேற ஆள் வந்துடுவார். வந்ததும் உன் வீட்டுக்காரரை உள்ள தள்ளிடுவார். சாட்சி அவ்வளவு பலமா இருக்கு."

"சாயங்காலம் வரைக்கும் கேஸ் என்னுதுதானே சார்?"

"வரைக்கும்."

போனை வைத்தாள். எதிரே, ஏட்டு கூட்டி வந்திருந்த அவள் கணவன். வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவன். ஷேவ் செய்யாத முகம். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தான்.

"ஏன் போனீங்க அங்க?"

"கோவம்."

"என்ன கோவம்?"

"விளையாட்டுல..."

"ஐயோ!" இன்ஸ்பெக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கருமம் புடிச்ச விளையாட்டா? வீட்லதான் அதைப் பத்திக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இங்கேயுமா?"

"அவனும் நானும் ஒரே டீம்..."

"விளையாட்டைப் பத்திப் பேசாதீங்க! கொலையைப் பத்திப் பேசுங்க!"

"விளையாட்டைப் பத்திப் பேசாம கொலையைப் பத்திப் பேச முடியாதும்மா!"

ஏட்டு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"மேடம்... செத்தவருக்கு இவர் அனுப்பின மெசேஜைப் படிக்கட்டுமா?"

"படிங்க."

"'நேர்ல வந்து கழுத்தை நெரிச்சே கொல்றேன்டா பாவி...' இது நேத்து மதியம் மேடம்."

போச்சுடா!

இன்ஸ்பெக்டர் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவன் ஒரு கரப்பான்பூச்சியை அடித்துப் பார்த்ததில்லை. அதற்கும் அவள்தான் விளக்குமாறு எடுக்க வேண்டும்! இவனா தலையணையை எடுத்து ஒரு மனுஷன் முகத்தில் அழுத்தியிருப்பான்?

அவளுக்குப் பயமாக இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அல்ல... பெண்டாட்டிக்கு.

நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள்.

"சரி. சொல்லுங்க. அந்த விளையாட்டு என்ன, ஏதுன்னு முதல்லேருந்து சொல்லுங்க. நடுவுல நான் பேசலை."

அவன் நம்பாமல் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தான்.

"மூணு பேர் சேர்ந்து மிருகம் வேட்டையாடறது. ஒத்தையாப் போனா ஒரே அடியில காலி. அவன் கேடயம். மிருகத்துக்கு முன்னாடி நின்னு, அதோட கோவத்தை எல்லாம் தன் மேல வாங்கிப்பான். நான் கோடாலி. அந்த நேரத்துல பின்னாடி போய் வாலை வெட்டுவேன். மௌனின்னு ஒருத்தி... அவ வில். தள்ளி நின்னு கண்ணைப் பார்த்து அடிப்பா."

"மௌனியா?"

"பேச மாட்டா. எழுதறது மட்டும்தான். யாரு, எங்க இருக்கான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது."

"அப்புறம்?"

"இடிவாலின்னு ஒரு மிருகம். மலை மாதிரி இருக்கும். அது சாகறதுக்கு முன்னாடி வாலை வெட்டணும். வெட்டின வால்ல கத்தியை விட்டா, உள்ள ஒரு ரத்தின மணி கிடைக்கும். எப்பவாவதுதான்! எட்டு மாசமா வெட்டறோம். எலும்பு வருது, செதில் வருது... மணி மட்டும் வரலை."

"வந்தா மூணு பேருக்கும் பங்கா?"

"பங்கே கிடையாது. ஒரே வாலை மூணு பேரும் அறுப்போம். ஆனா ஆளாளுக்குத் தனித்தனியா விழும். எனக்கு விழுந்ததை உனக்குக் குடுக்க முடியாது. உனக்கு விழுந்ததை நான் திருட முடியாது."

"அப்ப மணிக்காகக் கொன்னாங்கன்னு வச்சாலும்..."

"செத்தவனோட மணி செத்தவனோட பெட்டியிலயேதான் கிடக்கும். நயா பைசாவுக்குப் பிரயோஜனமில்லை!"

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கினாள். ஆனால் காது கூர்மையாகத்தான் இருந்தது.

"நேத்து?"

"நேத்து மௌனி வரலை. நாங்க ரெண்டே பேர். அவன் மைக் ரிப்பேர்னு எழுதினான். சண்டையும் கேவலமாப் போட்டான்! மிருகம் பாயுது... கேடயத்தைத் தூக்கறதை விட்டுட்டு விலகி விலகி ஓடறான்! நான் ரெண்டு தடவை செத்துப் பொழைச்சேன். எப்படியோ வாலை வெட்டினேன். அறுத்தான்... அவனுக்கு மணி விழுந்துடுச்சு!"

"பொறாமையா?"

"சத்தியமா இல்லை! எனக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோஷத்துல. எட்டு மாசமா ஒரே புலம்பல் அவன். 'இந்த மணியைக் கொல்லன்கிட்ட குடுத்து ஒரு கேடயம் செய்யணும்டா, அதோட நான் ரிட்டயர்டு'ன்னு சொல்லுவான். முகாம்ல ஒரு கொல்லன் இருப்பான். மணியைக் குடுத்தா ஒரே ஒரு ஆயுதம் செஞ்சு தருவான். செஞ்சா செஞ்சதுதான், மாத்த முடியாது. இந்த மடையன் நேரா ஓடினான்... மணியைக் குடுத்தான்..."

"கேடயம் செஞ்சான்."

"வில்லு செஞ்சான்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வில்லா?"

"ஆமாம்! வாழ்க்கையில வில்லைத் தொட்டே பார்க்காதவன்! எட்டு மாச உழைப்பு நாசம்! அந்த ஆத்திரத்துலதான் மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. நேர்ல போனேன். கதவைத் திறக்கலை. திட்டிட்டு வந்துட்டேன். அவ்வளவுதாம்மா!"

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டாள்.

"திறக்க மாட்டார். ஏன்னா அவர் அப்பவே செத்துட்டார்!"

"என்னது?"

"நேத்து உங்ககூட வேட்டைக்கு வந்தது அவர் இல்லை. அவர் பேர்ல வந்த வேற ஆள், அவர் மதியம் உயிரோட இருந்தார்னு காட்டறதுக்கு. பேசினா குரல் காட்டிக் குடுத்துடும்... அதான் மைக் ரிப்பேர். கேடயம் புடிக்கத் தெரியலை, அதான் விலகி ஓடினது. மணி கையில விழுந்ததும் யோசிக்கலை. எட்டு மாசமா தான் எதைச் செய்யணும்னு ஏங்கினாங்களோ, அதைச் செஞ்சுட்டாங்க!"

கணவனின் வாய் திறந்தபடி நின்றது.

"மௌனி...!"

"ஏட்டு! விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டா மௌனி யாருன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க மேடம். ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம்! சாயங்காலம் புது அதிகாரி வருகிறார். வந்தவர் வில்லையும் கேடயத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? கேமராவைப் பார்ப்பார், மெசேஜைப் படிப்பார், விலங்கை மாட்டுவார்.

"ஏங்க... இந்த மிருகத்தை உயிரோட புடிக்க வழி இருக்கா?"

"இருக்கு. கொல்லக்கூடாது. பலமாக் காயப்படுத்தணும். சாகப் போறோம்னு தெரிஞ்சா சண்டையை விட்டுட்டு நொண்டி நொண்டி நடக்கும். விரட்டக்கூடாது. அது போற இடம் நமக்குத் தெரியும். முன்னாடியே போய்ப் பொறி வச்சுடணும்."

"எங்க போகும்?"

"வேற எங்க? தன் கூட்டுக்குத்தான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தாள்.

"ஏட்டு! வீட்லேருந்து இவர் மெஷினைக் கொண்டு வந்து என் மேஜையில மாட்டிக் குடுங்க. ஏங்க... நான் போன் பண்றப்போ மௌனியை வேட்டைக்குக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்."

"கைதிக்கு வீடியோ கேமா மேடம்?" ஏட்டுவின் குரல் உடைந்தது.

"அவர் இன்னும் கைதி இல்லை!"

கண்ணாடிக் கடைக்காரர் வீடு.

சொந்தக்காரர்கள் பிணத்தை வாங்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்கள். வீட்டில் மனைவி மட்டும் இருந்தாள். சோபாவின் ஓரத்தில், யாரோ வந்து எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பதுபோல் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. கண்ணுக்குக் கீழே கருவளையம். நேற்று ஒரு நாளில் வந்த கருவளையம் அல்ல அது.

"உக்காருங்க மேடம். நீங்களும் களைச்சுத் தெரியறீங்க."

"நீங்க?"

"எனக்குப் பழகிடுச்சு."

இன்ஸ்பெக்டர் உள் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர். கைரேகைக்காரர் பொடியைத் தூவி எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஒரு பட்டனைக்கூட யாரும் அமுக்கிப் பார்த்திருக்கவில்லை! அட சோம்பேறிகளா!

அமுக்கினாள்.

திரை விழித்தது.

'உங்கள் கணக்கு வேறொரு சாதனத்தில் திறக்கப்பட்டதால் இங்கே வெளியேற்றப்பட்டீர்கள்.'

கீழே நேரம். நேற்று, மதியத்துக்குச் சற்று முன்னால்.

அப்படியானால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் விளையாடவில்லை. ஊரில் எங்கோ இருந்து, கைக்கு அடக்கமான எதிலோ...

கூடத்துக்கு வந்தாள்.

"நேத்து மதியம் நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. எத்தனை பேஷண்ட் பார்த்திருக்காங்க! கேட்டுக்குங்க."

"கேட்டேன். கூட வேலை பார்க்கிற பொண்ணு சொல்லுச்சு... நேத்து பூரா போனும் கையுமா குனிஞ்சபடியே இருந்தீங்களாம்."

அவள் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் விளையாடற விளையாட்டு... உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த எழவெல்லாம் எனக்கு எப்படி மேடம் தெரியும்? சமைக்கவும் துணி துவைக்கவுமே நேரம் சரியாப் போயிடுது."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தாள். ஒரே வார்த்தை.

"கூப்பிடுங்க."

ஒரு வினாடி... இரண்டு வினாடி...

வேட்டைக் கொம்பு ஊதியது!

சோபாவிலிருந்து. அவள் மடியிலிருந்து. கைப்பைக்குள்ளிருந்து!

அவள் பதறவில்லை. ஓடவில்லை. கைப்பையைத் திறந்து போனை எடுத்து, ஊதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, மேஜை மேல் வைத்தாள். பாரம் இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நேத்தே அழிச்சிருக்கணும் மேடம். அவர் எழுதினதை எல்லாம் ஒரு தடவை படிச்சுட்டு அழிக்கலாம்னு, வேட்டை முடிஞ்சதும் மறுபடி என் பேர்லயே உள்ள போனேன். அழிக்க மனசு வரலை."

"மௌனி..." என்றாள் இன்ஸ்பெக்டர்.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து என்கூட அவர் பேசினது எல்லாம் 'காபி', 'சட்டை', 'கதவைச் சாத்து'. உள்ள அந்த அறையில மட்டும் சிரிப்பு, பேச்சு, கும்மாளம்! அங்க போனாலாவது என்கூடப் பேசுவாரான்னு ஒரு பேர் வச்சுக்கிட்டுப் போனேன். பேசினார் மேடம். சாப்பிட்டியான்னு கேட்டார். கை வலிக்குதான்னு கேட்டார். அந்த எட்டு மாசம்தான் நான் அவரோட குடும்பம் நடத்தினேன்."

"அப்புறம் ஏன்மா?"

"முந்தா நாள் எழுதினார்... 'வீட்ல ஒரு ஜடம் இருக்கு. அதை உதறிட்டு உன்கிட்ட வந்துடறேன். நீ எங்க இருக்கே மௌனி?'"

அவள் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த நாற்காலி.

"அடுத்த ரூம்ல இருந்தேன் மேடம்."

இன்ஸ்பெக்டருக்கு விலங்கை எடுக்கவே கை வரவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"அந்த வில்லை ஏன் செஞ்சீங்க? அது மட்டும் இல்லைன்னா..."

"கை தானாப் போயிடுச்சு. எட்டு மாசத்துல எனக்கு விழுந்த ஒரே மணி மேடம். அதுவும் அவர் பேர்ல விழுந்துச்சு." அவள் எழுந்து கையை நீட்டினாள். "போலாம். கொஞ்சம் தூங்கணும்."

புது அதிகாரி ஸ்டேஷனுக்கு வந்தபோது கேஸ் முடிந்திருந்தது. வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டரும் கணவனும் ஜீப்பில் வீட்டுக்குத் திரும்பினார்கள். நடந்ததை எல்லாம் அவள் சொல்லிவிட்டிருந்தாள். அவன் நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க..."

"ம்?"

"எட்டு மாசமா நீங்க சொன்னதை ஒரு நாளாவது நான் காது குடுத்துக் கேட்டிருக்கலாம். தப்பு என் மேலதான். டீம்ல இப்ப ரெண்டு இடம் காலி இல்லையா? நானும் வரட்டுமா?"

அவன் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"தாராளமா வா தாயே! ஆனா சொந்தப் பேர்ல வா... யார்கிட்ட வழியறோம்னு தெரிஞ்சுக்கிட்டே வழியறேன்!"