மேல் சன்னலைச் சாத்தியது யார்?

"எங்கெங்க வெளிச்சம் வேணும்னு நீங்களும் சொல்லலாம்மா. நீங்க பொறந்து வளந்த வூடாச்சே" என்றாள் சிவசங்கரி.

"நூலகத்துக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு. இனிமே இது ஊர் வூடு." திரௌபதியம்மாள் சாவிக்கொத்தை நீட்டினார். "அடுப்படிச் சாவி மட்டும் எங்கயோ தொலஞ்சு போச்சு."

"பரவால்லம்மா. அது சாமான் போடுற ரூம்தானே? அங்க விளக்கே வேணாம்."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "காப்பி சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார்.

பழைய வீடுகளுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பது சிவசங்கரியின் தொழில். போன மாதம் நடந்த அந்தப் பேச்சு, திறப்பு விழாவன்று காலையில் அவளுக்கு ஏனோ ஞாபகம் வந்தது. மணி ஒன்பது. கூடத்தில் அவள் மாட்டிய விளக்கைக் காணோம்.

உள்ளூர்ச் சூளையில் சொல்லிச் செய்த பீங்கான் விளக்கு அது. முட்டை ஓடு மாதிரி மெலிசு. வெடிக்காமல் வெளியே வந்தது அது ஒன்றுதான். வீட்டைக் கட்டிய நெல் மண்டிக்காரரின் படத்துக்கு மேலே, உயரத்தில் சங்கிலியில் தொங்கியது.

வாசல் பூட்டு உடையவில்லை. சாவி எலக்ட்ரீஷியன் நல்லமுத்துவிடம் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தர்மராஜுக்கு அதுவே போதும்.

"எப்பப் பூட்டின?"

"நேத்து சாயங்காலங்க சார். மழைக்கு முன்னாடி."

"ஏணி?"

"ஷெட்டுலங்க."

"ஷெட்டு சாவி?"

"அதுவும் எங்கிட்டதாங்க."

"அப்புறம் என்னப்பா? வெளக்கு கால் மொளச்சு வேப்பூர் பஸ்ஸு ஏறிடுச்சா? நட ஸ்டேஷனுக்கு."

"சார், இங்கயே நிரந்தர வேலைன்னு விழாவுலதான் ஆர்டர் குடுக்கப்போறாங்க. ஸ்டேஷன் வாசல மிதிச்சவனுக்கு யாருங்க குடுப்பாங்க?"

அப்பா படத்துக்கு மாலை கொண்டுவந்திருந்த திரௌபதியம்மாள், தூணோரம் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டார்.

சிவசங்கரி சுவரோரமிருந்த புது அலமாரிக்குப் போனாள். புத்தகங்களைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தன. அத்தனை மழைக்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அண்ணாந்தாள்.

"நல்லமுத்து, மேல் சன்னல் நேத்து தெறந்துதானே கெடந்துச்சு?"

"ஆமா மேடம். அலமாரி இருக்கறதால ஏணி போட எடமில்ல, காலைல நகத்திட்டு சாத்தறேன்னேன். புறா எச்சம் போடுதுன்னு நீங்ககூட என்னைத் திட்டினீங்க."

"காத்துல சாத்தியிருக்கும்" என்றார் தர்மராஜ்.

"காத்து கொக்கியும் மாட்டிட்டுப் போகுமா சார்?"

தர்மராஜ் அண்ணாந்து பார்த்தார்.

"ஏணி இல்லாமலே ஒருத்தர் அதைச் சாத்தியிருக்காங்க. அதே மாதிரி விளக்கையும் எறக்கியிருக்காங்க. திருட வந்தவன் புத்தகம் நனையுதேன்னு கவலைப்படுவானா? மழை வந்தா சன்னலச் சாத்தணும்னு, இந்த வூட்லயே வளந்தவங்களுக்குத்தான் கை தானா ஓடும்." அவள் தூணோரம் திரும்பினாள். "அந்தக் காலத்துல இத எப்படிச் சாத்துவீங்கம்மா?"

"கொக்கி வச்ச நீளத் தொரட்டிக் கம்பாலதான்." திரௌபதியம்மாள் கைப்பையைத் திறந்து ஒற்றைச் சாவியை எடுத்தார். "அடுப்படிக் கதவுக்குப் பின்னாடியே இருக்குது. இந்தச் சாவியால கொல்லப்பக்கக் கதவத் தொறந்து, அடுப்படி வழியாத்தான் ராத்திரி உள்ள வந்தேன். வெளக்கும் அங்கதான் இருக்குது. அந்தப் புள்ளைய விடுங்க சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

தர்மராஜ் தொப்பியைக் கழற்றினார். "வெளில போய் டீ சாப்பிடுப்பா" என்று நல்லமுத்துவின் தோளில் தட்டினார். நல்லமுத்து போகவில்லை.

அடுப்படி இருட்டாக இருந்தது. கரி படிந்த மேடையில், பழம்புடவை மெத்தைமேல், விளக்கு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"வூடு முழுக்க கரண்டு இழுத்தப்ப இங்க மட்டும் அப்பா போடல. அடுப்பு எரியுதே, அது பத்தாதான்னாரு. அம்மா மறுபடி கேக்கல. பொக குடிச்சுக் கண்ணு மங்கினப்பவும் கேக்கல. அப்பா மொகத்துல அந்த வெளிச்சத்தப் பாத்ததும் எனக்கு மனசு தாங்கல. ஒரு நிமிஷம் இங்க வச்சுப் பாத்துட்டுத் திரும்ப மாட்டிடலாம்னு நெனச்சேன்."

"பாத்தீங்களா?"

"எப்படிப் பாக்கறது? கொண்டாந்த பெறகுதான் தெரிஞ்சுது, பிளக்கு செருகறதுக்கு ஒரு ஓட்டகூட இல்ல." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "தொரட்டிக்கு எறக்கத்தான் தெரிஞ்சுது. திரும்ப மாட்ட வரல."

சிவசங்கரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குச் சொல்ல வந்தீங்களே, அதை இப்பச் சொல்லுங்கம்மா."

திரௌபதியம்மாள் மறு கையால் மேடையைத் தடவினார். பிறகு, அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்டார்:

"இந்த அடுப்படிக்கு ஒரு வெளக்கு போட்டுக் குடுப்பியாம்மா?"