ஆடு பஸ் ஏறுன பாட்டு

எனக்குப் பாட்டு கட்ட வரும். பாடத்தான் வராது.

நெசமாத்தான் சொல்றேன். நான் வாயத் தொறந்து ரெண்டு வரி பாடுனா எங்க ஊட்டு எருமை மேயறத உட்டுட்டுத் திரும்பிப் பாக்கும், சொந்தக்காரங்க யாரோ கூப்பிடறாங்கன்னு. ஆனா மெட்டு மட்டும் மண்டைக்குள்ள தானா வந்துக்கிட்டே இருக்கும். பல்லு வெளக்கறப்ப வரும். கணக்குப் பரிச்சையில வரும். கணக்குத்தான் வராது.

என்ற பேரு சௌந்திரம். இது நடந்தப்ப நான் ஆறாவது. எண்பத்தி மூணாம் வருசம். எங்க ஊரு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல. ஊருல பாதிப் பேருக்குக் காட்டு வேலை, மீதிப் பேருக்குக் கரண்டுல ஓடற தறியில வேலை. எங்கப்பா சின்னுசாமியும் தறி ஓட்டறவருதான்.

அந்த வருசம் ஆண்டு விழாவுக்கு ஜானகியம்மாள் டீச்சர் புதுசா ஒண்ணு சொன்னாங்க. எப்பப் பாத்தாலும் ரேடியோவுல வர்ற பாட்டையே பாடறீங்க, இந்தத் தடவ உங்கள்ல யாராச்சும் சொந்தமா ஒரு பாட்டுக் கட்டிக் கொண்டாங்கன்னாங்க. நான் ஊட்டுக்குப் போயி பையக் கூடக் கழட்டல. பொழுது எறங்கறதுக்குள்ள கட்டி முடிச்சுட்டேன்.

மேச்சேரி ஆடு ஒண்ணு
பஸ்ஸு ஏறுச்சாம்
டிக்கெட்டக் குடுத்தாக்க
மென்னு தின்னுச்சாம்
செக்கிங்கு வந்தாரு
ஆடு முழிச்சுச்சாம்
சேலம் வந்ததும்
மேன்னு கத்துச்சாம்

இது தொடக்கமும் முடிவுந்தான், நடுவுல இன்னும் மூணு பத்தி போகும். டீச்சர் படிச்சுப் பாத்துட்டுப் புத்தகத்தால வாய மறைச்சுக்கிட்டாங்க. சிரிச்சாங்கன்னு தோள் குலுங்குனதுல தெரிஞ்சுது. பாட்டு நல்லா இருக்குது, ஆனா நீ பாட வேண்டாம் கண்ணுன்னாங்க. எங்க எருமை மாதிரி அவங்களும் என்ற கொரலக் கேட்டவங்கதான்.

பாடறதுக்கு ஒரே ஒரு ஆளுதான் இருந்தான். வெள்ளியங்கிரி. என்ற வகுப்புத்தான். அவன் கொரலு இருக்குதே, புதுசா கட்டுன கெணத்துக்குள்ள கல்லு போட்டா கேக்குமே, அப்படி இருக்கும். ஆனா அவன் பாட மாட்டான்.

ஏன்னா போன வருசம் சுதந்திர தினத்தன்னைக்குக் கொடிக்கு முன்னால பாட நிக்க வெச்சாங்க. ரெண்டு வரி பாடுனான். மூணாவது வரி வரல. வாயத் தொறந்தபடி அப்படியே நின்னுட்டான். அன்னைலிருந்து அவன் பேரு 'மோட்டாரு'. தண்ணி வத்துனா நின்னு போகுமே, அந்த மோட்டாரு. ஒரு வருசமா பசங்க அவனப் பாத்தா, 'என்னடா, இன்னைக்குத் தண்ணி வருமா'ன்னுதான் கேப்பாங்க. அதுக்குப் பொறவு அவன் ஆடு மேய்க்கறப்ப மட்டுந்தான் பாடுவான். ஆடுக எதுவும் பட்டப் பேரு வெக்காதில்ல.

நான் மூணு நாளு அவன் பின்னாடியே அலைஞ்சேன். கொய்யாப்பழம் குடுத்தேன். வாங்கித் தின்னுட்டு முடியாதுன்னான். கணக்கு நோட்டுக் குடுத்தேன். அத வாங்கவே இல்ல, என்ற கணக்கு அவனுக்குத் தெரியும். கடைசியா நான் ஒண்ணு சொன்னேன்.

"இந்தப் பாட்டு உன்னைய நிக்க உடாதுடா. நீயே நின்னாலும் அது இழுத்துக்கிட்டுப் போயிரும். நான் பொறுப்பு."

அவன் ரொம்ப நேரம் ரோசன பண்ணுனான். "நின்னுட்டா?"

"நிக்காது."

"நின்னுட்டா நான் சாகற வரைக்கும் மேடை ஏற மாட்டேன். உன்ற கூடவும் பேச மாட்டேன், பாத்துக்க புள்ள."

சரின்னுட்டேன்.

எங்க ஊட்டுப் பொறத்தால வேப்ப மரத்தடியில எங்க ஒத்திகை. சொவத்துக்கு அந்தப் பக்கம் காளியப்ப மொதலாளி தறிப்பட்டற. எங்கப்பா வேல செய்யறது அங்கதான். இருவது நாளு பாடுனோம். ஒரு நாளு கூட அவன் நிக்கல. ஒரு வரி கூட மறக்கல. பாட்டு சரசரன்னு ஓடுச்சு.

சண்டை வந்தது ஒரே எடத்துலதான். கடைசி வரியில 'மே'ன்னு ஒரு தடவ கத்தணும், அவ்வளவுதான். இவன் அந்த 'மே'ய இழுப்பான். மேலத் தூக்குவான், கீழ எறக்குவான், நடுவுல ஒரு நடுக்கம் வேற குடுப்பான். நீ இழுக்கற இழுப்புல பஸ்ஸு சேலத்தத் தாண்டிப் பெங்களூரு போயிரும்டான்னு வைவேன். மேச்சேரி ஆடு அப்படித்தான் கத்தும், எனக்குத் தெரியும், எங்ககிட்ட எட்டு இருக்குதும்பான். பாட்டு என்ற பாட்டு, கட்டுனபடி பாடுன்னுட்டேன். மொறச்சுக்கிட்டே சுருக்கமாக் கத்துனான்.

விழாவுக்கு ரெண்டு நாளு இருக்கறப்ப எனக்கு ஒரு ரோசன வந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்தச் சுத்தி மூணு பக்கமும் தறிப்பட்டறைங்க. மைக்குல பேசுனாலே பாதிதான் காதுல உழுகும். ஹெட்மாஸ்டர் பேசறது உழுகாட்டிப் பரவால்ல. என்ற பாட்டு உழுகோணுமில்ல?

அப்பாகிட்டப் போயி நச்சரிச்சேன். அவரு மொதலாளிகிட்டச் சொன்னாரு. காளியப்ப மொதலாளி நல்ல மனுசன். சின்னப் புள்ள ஆசப்பட்டுக் கேக்குது, மூணு மணி நேரம் தறிய நிறுத்துனா என்ன, எல்லாரும் சேந்து போயிக் கேப்போம்னாரு. மத்த ரெண்டு பட்டறைக்கும் அவரே ஆளு அனுப்பிச் சொன்னாரு. எனக்குக் கலெக்டரே ஆயிட்டாப்பல இருந்துச்சு.

விழாவன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாத் தறியும் நின்னுச்சு.

கூட்டம் அள்ளுச்சு. மொத வரிசையில நாக்காலி, அதுக்குப் பின்னால சமுக்காளம். எங்கப்பா, அம்மா, அப்பா கூடத் தறியில வேல செய்யற அங்கம்மாக்கா எல்லாம் சமுக்காளத்துல. எல்லாரும் கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்தாங்க. அவங்கவுங்க பேசறதே அவங்களுக்குச் சத்தமாக் கேட்டுச்சு போல. சட்டுனு கொரலத் தணிச்சுக்கிட்டாங்க. காதுல தண்ணி போனாட்ட இருக்குதுன்னு அங்கம்மாக்கா தலைய ஒரு பக்கமாச் சாச்சுத் தட்டிக்கிட்டாங்க.

எங்க முறை வந்துச்சு. வெள்ளியங்கிரி தேச்சுப் போட்ட சட்டையோட மைக்கு முன்னால நின்னான். நான் மேடை ஓரமா நின்னேன்.

"மேச்சேரி ஆடு ஒண்ணு" அப்படின்னு தொடங்குனான். கொரலு கணீர்னு வந்துச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

அங்க ஒரு சின்ன எடைவெளி இருக்கும். எப்பவும் அவன் அங்க மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவான். இன்னைக்கும் நிறுத்துனான். அந்த எடைவெளியில ஒண்ணுமே இல்ல. ஊரே கப்சிப்புன்னு இருந்துச்சு. அவன் பயந்துக்கிட்டு அடுத்த வரிக்கு ஓடுனான். அதுக்கடுத்ததுக்கு இன்னும் வேகமா ஓடுனான். பொறவு திடீர்னு மெதுவாப் போனான். 'மென்னு'ன்னு சொன்னான்.

அதோட நின்னுட்டான்.

வாய் தொறந்தபடி இருந்துச்சு. பின்னால இருந்து ஒரு பையன், மோட்டாரு நின்னு போச்சுடோய்ன்னான். ஒரு பக்கமாச் சிரிப்பு கெளம்புச்சு. வெள்ளியங்கிரி கூட்டத்தப் பாக்கல. என்னையத் திரும்பிப் பாத்தான்.

உண்மையச் சொல்லோணும்ல. மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. என்ற பாட்டக் கெடுத்துட்டானேன்னு. பொறவுதான் அவன் கையப் பாத்தேன். டவுசரக் கசக்கிப் புடிச்சிருந்தான். நிக்காது, நான் பொறுப்புன்னு நாந்தான சொன்னேன்.

இருவது நாளு நிக்காத பாட்டு இன்னைக்கு மட்டும் ஏன் நிக்குது? நான் மனசுக்குள்ள பாடிப் பாத்தேன். மேச்சேரி ஆடு ஒண்ணு, டக்கு டடக்கு. பஸ்ஸு ஏறுச்சாம், டக்கு டடக்கு.

டக்கு டடக்கு.

அது தறிச் சத்தம். பொறந்ததுலிருந்து கேக்கறோம், அதனால கேக்கறதே தெரியல. மெட்டுக் கட்டுனப்ப அது சொவத்துக்கு அந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இருவது நாளு ஒத்திகையிலயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வெள்ளியங்கிரி அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நடந்திருக்கான். அத நான் போயி நிறுத்தச் சொல்லியிருக்கேன்.

நான் ஓடுனேன். மேடையில பரிசு அடுக்குன மேசை ஒண்ணு இருந்துச்சு. எவர்சில்வர் டம்ளரு, தட்டு, ஒரு பெரிய கப்பு. நான் மேசைய ஓங்கித் தட்டுனேன். டக்கு டடக்கு. டம்ளரெல்லாம் கிடுகிடுன்னு ஆடுச்சு. ஹெட்மாஸ்டர் பாஞ்சு வந்து கப்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

"தறி ஓடலடா, அதான்," அப்படின்னேன். "நாந்தான் நிறுத்தச் சொன்னேன். உன்ற மேல தப்பே இல்ல. நான் தட்டறேன், மொதல்லருந்து வா."

மைக்கு பக்கத்துல இருந்தத நான் கவனிக்கல. ஊருக்கே கேட்டுருச்சு.

பொறவு எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஆமால்லன்னு தலையாட்டுனாங்க. காளியப்ப மொதலாளி நெத்தியில கை வெச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

வெள்ளியங்கிரி திரும்பி மைக்கப் பாத்தான். நான் தட்டுனேன். ஆனா அவசரத்துல தாளம் சீரா வரல. ஒரு தட்டு வேகம், ஒரு தட்டு மெதுவு. அவன் தொடங்கலாமா வேண்டாமான்னு தெரியாம முழிச்சான்.

சமுக்காளத்துல அங்கம்மாக்கா எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"அம்மணி, இது தறியாட்டமா இருக்குது? நொண்டி மாடு நடந்தாப்பல இருக்குது. நிறுத்து சாமி, நாங்க ஓட்டறோம்." அப்படியே திரும்பி, "ஏனுங்க சின்னுசாமியண்ணா, கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? தெனமும் ஓட்டறதுதானுங்களே."

எங்கப்பா வெக்கப்பட்டாரு. ஆனா தறி தப்பா ஓடுனா அவருக்குப் பொறுக்காது. தொடையில தட்டுனாரு. டக்கு டடக்கு. அங்கம்மாக்கா தட்டுனாங்க. எங்கம்மா டிபன் மூடியில தட்டுனாங்க. காளியப்ப மொதலாளி மோதரத்தால நாக்காலிக் கையில தட்டுனாரு. பொறவு யாரு தட்டுறாங்க, யாரு தட்டலன்னே தெரியல. மோட்டாருன்னு கத்துன பையனும் பக்கத்துல இருக்கறவன் முதுகுல தட்டிக்கிட்டு இருந்தான்.

வெள்ளியங்கிரி பாடுனான்.

நான் கட்டுனது வேகமான பாட்டு. ஆனா அத்தன கையும் ஒண்ணாச் சேந்ததுல தறிய உட மெதுவாத்தான் போச்சு. மெதுவாப் போனதுல அந்த ஆடு ஏதோ ஊர்ப் பெரியவரு மாதிரி ஆயிருச்சு. சாவகாசமா பஸ்ஸு ஏறுச்சு. டிக்கெட்ட மென்னு தின்னுச்சாம்ன்னதும் எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சிரிச்சதுல தட்டறது நின்னு போச்சு. எனக்குத் திக்குன்னுச்சு. வெள்ளியங்கிரி பதறல. சிரிப்பு அடங்கட்டும்னு ஆடு மாதிரியே அசை போட்டுக்கிட்டு நின்னான். அதுக்கும் சிரிச்சாங்க. மறுபடி தட்டு தொடங்குச்சு, அவன் அடுத்த வரியப் புடிச்சுக்கிட்டான்.

அப்பத்தான் நான் மேசையிலிருந்து கைய எடுத்தேன்.

கடைசி வரிக்கு வந்தான். சேலம் வந்ததும்ன்னு பாடிட்டு என்னையப் பாத்தான். எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் தலையாட்டுனேன்.

'மே'ன்னு இழுத்தான் பாருங்க. மேலத் தூக்குனான். நடுங்க வெச்சான். கூட்டம் மொத்தமும் தட்டறதுக்குத் தூக்குன கைய அந்தரத்துலயே நிறுத்திக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தரு கூட முந்தல. அவன் மெதுவாக் கீழ எறங்கி 'ன்னு கத்துச்சாம்'ன்னு முடிச்சான். எல்லாக் கையும் ஒரே நேரத்துல உழுந்துச்சு.

அந்த எடத்த நான் கட்டவே இல்ல. இருந்தாலும் பாட்டுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அதுதான்.

இன்னொரு தடவன்னு பின்னாலிருந்து கத்துனாங்க. வெள்ளியங்கிரி பாடுனான். மறுபடியும்ன்னாங்க. மறுபடியும் பாடுனான், இந்தத் தடவ 'மே' இன்னும் நீளம். யாரும் கேக்காமயே நாலாவது தடவைக்குத் தொண்டையச் செருமுனான். ஹெட்மாஸ்டர் கப்ப இன்னும் கையிலயே வெச்சுக்கிட்டு, பரிசு குடுக்கோணும், நேரமாச்சுன்னு சைகை காட்டுனாரு. அவன் அந்தப் பக்கமே திரும்பல.

கடைசியில ஜானகியம்மாள் டீச்சர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் புடிச்சு இழுத்துத்தான் அவன மேடையிலிருந்து எறக்குனோம்.