தற்காலிகக் குரல்

திரையில் நின்றிருந்த சிறுமி தும்மினாள்.

ஒகிதா ஹெட்போனைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். அந்த வீடியோ விளையாட்டில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் மூன்று வருடமாகப் பதிந்து, வெட்டி, துடைத்து வைத்தவன் அவன்தான். ஆற்றங்கரைப் புல்லின் உரசல், ஈரச் செருப்பு, தூரத்துத் தவளை, எல்லாம் அவன் கைப்பட வந்தவை. தும்மல் என்று ஒன்றை அவன் பதியவே இல்லை. கோப்புகளை எல்லாம் துழாவிப் பார்த்தான். அப்படி ஒன்று எங்கும் இல்லை.

சனிக்கிழமை மதியம். வெளியே ஜூன் மாத மழை, விடவும் விடாமல் வலுக்கவும் செய்யாமல் நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. ஸ்டூடியோவில் ஈரக் கம்பள வாடையும் பழைய கப் நூடுல்ஸ் வாடையும் கலந்து நின்றன. கெய்ஹான் ரயில் ஜன்னலுக்குக் கீழே போகும்போதெல்லாம் மேசை லேசாக அதிர்ந்தது. வேறு ஆள் யாரும் இல்லை. வியாழனன்று மாஸ்டர் போய்விட்டது. அதாவது, இனி யாரும் கை வைக்க முடியாத கடைசிப் பிரதி டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. மாதக்கணக்கில் கண்விழித்த கூட்டம் மொத்தமும் வீட்டில் அடித்துப் போட்டதுபோல் தூங்கியது. ஒகிதாவுக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. ஒலிக்காரர்களின் புத்தி அப்படி. வேலையை அனுப்பிய பிறகுதான் காது இன்னும் கூர்மையாகும்.

டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்று இந்தச் சின்ன ஸ்டூடியோவை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. 'மாமியார் வீடு' என்றுதான் இங்கே எல்லோரும் அதைச் சொல்வார்கள். நல்ல சம்பளம் தரும், புது நாற்காலி வாங்கித் தரும், வாய் நிறைய விசாரிக்கும். பெட்டிச் சாவி மட்டும் அதன் இடுப்பில் இருக்கும்.

நடிகர்கள் வந்து பேசும்வரை ஆபீஸ் ஆட்களே ஆளுக்கொரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்து ஒப்பேற்றுவது இந்தத் தொழிலில் வழக்கம். தற்காலிகக் குரல் என்பார்கள். படகோட்டிக் கிழவனுக்குக் கணக்குப் பிரிவு ஆள் பேசினார், நாய்க்கு இயக்குநரே குரைத்தார். விளையாடுபவர் நடத்திப்போகும், விளக்கேந்தி வரும் சிறுமிக்குத்தான் ஆள் இல்லை. போன குளிர்காலத்தில் ஒகிதா தன் ஏழு வயது மகள் சிஹோவை அழைத்துவந்து ஒலியறையில் பேசவைத்தான். அதோடு விடவில்லை. உடம்பெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிய கறுப்பு உடையை மாட்டிவிட்டு, அவளை நடக்கவும் ஓடவும் சொல்லி அந்த நடையையும் கணினியில் பிடித்துத் திரைச் சிறுமிக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு அன்று முழுக்க ஒரே சிரிப்பு.

தலைமை நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் குரஹாஷி அதைப் பார்த்துவிட்டு, "இதை மாத்திடாதீங்க. இது நடிப்பு இல்ல, உயிர்" என்றார். ஒகிதாவுக்கு அன்று உச்சி குளிர்ந்தது. குரலையும் நடையையும் கம்பெனிக்கு எழுதித் தரும் தாளில், நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டான்.

இப்போது திரையில் அந்தச் சிறுமி ஒரு குட்டையைப் பார்த்துக் குனிந்தாள். கட்டுப்படுத்தும் கருவி மேசைமேல் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. அவள் தண்ணீரில் காலால் அடித்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பின் ஊடே மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது, முன்பல் விழுந்த பொக்கைக்குள் புகுந்து வரும் காற்று. சிஹோவுக்கு முன்பல் விழுந்தது போன வாரம். ஒலி பதிந்தது குளிர்காலத்தில்.

அவன் வீட்டுக்குப் போன் செய்தான். மனைவி மசாயோ எடுத்தாள்.

"சிஹோ என்ன பண்றா?"

"டிவி பாக்குறா. ஏன்?"

"இன்னைக்குத் தும்மினாளா?"

"இதென்ன கேள்வி? காலைலேருந்து மூக்கு ஒழுகுது. மூக்கைச் சுருக்குறா, வாயைத் தொறக்குறா, ஆனா தும்மல் வரமாட்டேங்குது. அப்படியே நின்னுடுது. பாவமா இருக்கு."

"சிரிச்சாளா?"

"எனக்கும் அதான் ஒரு மாதிரியா இருக்கு. அவளோட வாத்து நிகழ்ச்சி ஓடுது. எப்பவும் தரையில உருண்டு உருண்டு சிரிப்பா. இன்னைக்கு வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கா. நீங்க அங்க உக்காந்து என்னத்தையாவது யோசிக்காம வீட்டுக்கு வாங்க."

ஒகிதா போனை வைத்துவிட்டுச் சிறுமியின் குரல் கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக அழிக்கப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது. நடையை எடுக்கப் பார்த்தான். அனுமதி இல்லை. தன் கையால் செய்த பொருள், தன் பெண்ணின் குரல், தன் மேசை. ஒன்றிலும் அவனுக்கு அதிகாரம் இல்லை.

திரையில் அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்பா."

அந்தக் கதையில் அப்பா என்று ஒரு பாத்திரமே கிடையாது.

"அப்பா, இங்க நிறையப் பேர் இருக்காங்க. எல்லாரும் இழுக்குறாங்க."

அவன் திரைக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். கண்ணாடி சில்லென்றிருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியதுபோல் சட்டென்று திரும்பி, புல்லுக்குள் ஓடி மறைந்தாள்.

குரஹாஷி மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஒகிதா சான், லீவு நாள்லகூட வேலையா? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்க பொழப்பே ஓடுது."

"அந்தக் குழந்தை குரலை எடுக்கணும். நடையையும் எடுக்கணும். இப்பவே."

"மாஸ்டர் போனதும் எல்லாருக்கும் வர்ற காய்ச்சல்தான் இது. வெந்நீர்ல குளிச்சிட்டுப் படுங்க."

"கெஞ்சிக் கேக்குறேன், குரஹாஷி சான். அது என் பொண்ணு."

"தெரியுமே. அதான் நாடே கொண்டாடுது. காலைலேருந்து எல்லாக் கடையிலயும் முன்னோட்டம் வச்சிருக்காங்க, ஆளாளுக்கு விளையாடிப் பாக்குறாங்க. நான் அகிஹபாரா கடைத்தெருவுலதான் நிக்குறேன், வரிசை தெருவுக்கு வந்துடுச்சு. இருங்க, நீங்களே கேளுங்க."

அவர் போனை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே, பல பெட்டிகளிலிருந்து ஒரே நேரத்தில், ஆனால் ஒன்றோடொன்று சேராமல், சிஹோ சிரித்தாள். எல்லாச் சிரிப்பிலும் அந்தச் சீழ்க்கை இருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க."

"யார்கிட்ட சொல்ல?" குரஹாஷியின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "என் கையில எதுவும் இல்ல, ஒகிதா சான். உங்க கையிலயும் இல்ல. அது இப்ப கம்பெனியோடது."

ரயிலில் ஒகிதா உட்காரவில்லை. கதவோரம் நின்றபடியே வந்தான். கடைகள் எட்டு மணிக்கு மூடிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஆறுதல் அடுத்த நிலையம்வரைகூட நிற்கவில்லை. அடுத்த மாதம் அது விற்பனைக்கு வரும், வீடு வீடாகப் போகும். வீடுகளை யாரும் எட்டு மணிக்கு மூடுவதில்லை.

கதவைத் திறந்த மசாயோவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ரூம்ல இருக்கா. நான் கூப்பிட்டா திரும்பமாட்டேங்குறா. நீங்க வந்து பாருங்க."

விளக்கு போடவில்லை. மழை இருட்டு. பார்லி டீ ஆறிப்போன வாசனை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

சர். சர். சர்.

பாயின்மேல் காலுறை தேயும் சத்தம். அவனுக்கு எந்தச் சத்தமும் எதிலிருந்து வருகிறதென்று தெரியும்.

சிஹோ சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இல்லை, நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்தாள். நெற்றி சுவரில் அழுந்தியிருந்தது. கால்கள் முன்னால் எட்டு வைத்தன, வழுக்கின, மறுபடி எட்டு வைத்தன. சுவரில் நெற்றி பட்ட இடம் ஈரமாகச் சிவந்திருந்தது.

சட்டென்று வலப்பக்கம் திரும்பினாள். அலமாரியில் மோதினாள். அங்கேயே நடந்தாள்.

விரல் பழகாத யாராவது முதல் தடவை கருவியைக் கையில் எடுத்தால் இப்படித்தான் நடத்துவார்கள். எத்தனையோ பேர் அப்படி விளையாடுவதை அவன் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். பார்த்துச் சிரித்துமிருக்கிறான்.

"சிஹோ. அப்பா வந்துட்டேன்டா."

அவளை வாரித் தூக்கினான். கனமே இல்லை. அவன் கையில் இருந்தபடியே கால்கள் நடந்தன. காற்றில். மசாயோ மண்டியிட்டு இரண்டு பாதங்களையும் இறுகப் பிடித்தாள். பாதங்கள் அவள் கைகளை இழுத்துக்கொண்டு நடந்தன.

"நிறுத்துங்க இதை. என்னங்க, எப்படியாவது நிறுத்துங்க."

அவன் அவளை மார்போடு இறுக்கிக்கொண்டான்.

ஒரு கால் முன்னே போனது. இன்னொன்று பின்னே. இரண்டு கடைகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். இடுப்பு முறுகியது. கழுத்து ஒரு பக்கம். கண்கள் இன்னொரு பக்கம்.

பிறகு வாய் திறந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

சீழ்க்கை இல்லை. பொக்கை வாயிலிருந்து பல் விழாத குரல் வந்தது. குளிர்காலக் குரல். மூன்றாவது முறை சொல்லவைத்து அவனே தேர்ந்தெடுத்தது. எந்த இடத்தில் மூச்சு எடுப்பாள், எந்த இடத்தில் தடுமாறுவாள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"யாராவது இருக்கீங்களா?"

அதே மூச்சு. அதே தடுமாற்றம்.

அன்று அவள் சொல்லி முடித்ததும், அவன் பெருமையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. அதுவும் பதிவாகிவிட்டது. தற்காலிகம்தானே என்று வெட்டாமல் விட்டான்.

மகளின் தொண்டைக்குள்ளிருந்து, கடைசிச் சொல்லுக்குப் பின்னால், அந்த நாற்காலி கிறீச்சிட்டது.